வயல்வெளியும் பத்திரிகைச் சந்தையும்: றிச்சர்ட் ஜெப்ரீஸின் எழுத்துத் தொழில் பற்றிய சில சிந்தனைகள்

இயற்கையைப் பற்றி எழுதுவோரை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினாவுக்கு முற்போக்குத் திறனாய்வு இதுவரை நிறைவான விடையைத் தந்துள்ளதெனக் கூறமுடியாது. பறவை, மரம், மழை, மலைச்சாரல் ஆகியன பற்றிய எழுத்தை வாழ்க்கைப் போராட்டத்திலிருந்து ஒதுங்கி நிற்போரின் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுவது ஒரு போக்கு. அதனைத் தூய அழகுணர்ச்சியின் வெளிப்பாடாகக் கொண்டு, எழுதியவன் யார், எவருக்காக எழுதினான், என்ன கூலிக்கு எழுதினான் என்னும் வினாக்களை எழுப்புவதே அநாகரிகம் எனக் கருதுவது மற்றொரு போக்கு. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும் இவை இரண்டும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. இயற்கை பற்றிய எழுத்தும் ஓர் உழைப்பு என்பதையும், அவ்வுழைப்பு ஒரு சந்தையில் விலைப்படுகின்றது என்பதையும் இரண்டுமே கணக்கில் எடுப்பதில்லை.

இவ்விடயத்தைத் தெளிவாக்கிக்கொள்வதற்கு றிச்சர்ட் ஜெப்ரீஸ் (1848 - 1887) என்னும் ஆங்கில எழுத்தாளரின் தொழில் வாழ்க்கை பெரிதும் உதவுமென நாம் கருதுகின்றோம். கவிஞர் என்றோ நாவலாசிரியர் என்றோ முதன்மையாக அறியப்படுபவரல்லர் அவர். முதிர்ச்சிக் காலம் முழுவதும் எந்தப் பத்திரிகையிலும் நிலையான சம்பளம் பெறாது, எழுதிய கட்டுரைக்குக் கிடைத்த பணத்தைக் கொண்டு குடும்பம் நடத்திய சுயாதீனப் பத்திரிகையாளர். கிராமப்புறம், காட்டுயிர்கள், நடைப்பயணம், நாட்டு மக்களின் வாழ்க்கைமுறை ஆகியனவே அவர் விற்ற சரக்கு. சரக்கு என்னும் சொல்லை நாம் இழிவுப் பொருளில் ஆளவில்லை. அச்சரக்கு நகரத்தில் எளிதில் விலைபோவதற்கு நிலக்காட்சியிலிருந்து உழைப்பு அகற்றப்பட வேண்டியிருந்தது. ஜெப்ரீஸ் தொடக்கத்தில் அதற்குப் பெருமளவு இசைந்தார். பின்னர் அவரது சொந்த உழைப்பின் நிலைமையே அவரை இசையவிடவில்லை. இதுவே நாம் இங்கு நிறுவ முயல்வது.

பின்னணியைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். 1851ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இங்கிலாந்தின் சனத்தொகையிற் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகளாகியிருந்தனர். பத்திரிகைகள் மீதான முத்திரை வரி 1855இலும், கடதாசி வரி 1861இலும் நீக்கப்பட்டன. பத்திரிகைகளின் விலை வீழ்ந்தது, எண்ணிக்கை பெருகியது. கிராமத்தைவிட்டு வந்து ஒரு தலைமுறைகூட ஆகாத வாசகர் கூட்டமொன்று இலண்டனிலும் பிற நகரங்களிலும் உருவாகியிருந்தது. தான் இழந்த கிராமத்தைக் காலை உணவு மேசையில் அச்சு வடிவிற் பெற்றுக்கொள்ள அது விரும்பியது. கிராமத்தை அழித்த அதே பொருளாதார இயக்கந்தான் கிராமம் பற்றிய எழுத்துக்குச் சந்தையையும் உண்டாக்கிக் கொடுத்தது. இயற்கை எழுத்தின் வரலாற்றை எழுதுவோர் இம்முரணை அரிதாகவே சுட்டுவர்.

ஜெப்ரீஸ் வில்ற்ஷயர் மாநிலத்தில், சுவிண்டன் நகருக்கு அண்மையிலுள்ள கோற் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். தந்தையார் ஏறத்தாழ 40 ஏக்கர் கொண்ட சிறு கமமொன்றின் சொந்தக்காரர். பெரு நிலப்பிரபுவுமல்லர், கூலியாளுமல்லர். இரண்டுக்கும் இடையில் நின்று, கடனிலும் கௌரவத்திலும் சமமாகச் சிக்குண்டிருந்த சிறுவுடைமை வர்க்கத்தினர். ஊருக்கு அப்பால் சில மைல் தூரத்திலேயே பெரிய மேற்குப் புகையிரதக் கம்பனியின் தொழிற்சாலை இயங்கிக்கொண்டிருந்தது. வயலும் ஓடையும் ஒருபுறம், நீராவியும் இரும்பும் மறுபுறமாக அமைந்த இச்சூழல் ஜெப்ரீஸின் பார்வையை வகுத்தது. சுவிண்டனின் கதையை அவர் 1875இல் 'பிரேசர்ஸ்' சஞ்சிகையில் தனிக்கட்டுரையாக எழுதினார். புகையிரதத் தொழிற்சாலையை அவர் வெறுத்தொதுக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. பயண ஆசை அவரிடம் இளமையிலேயே இருந்தது. பதினாறு வயதில் மைத்துனர் ஒருவருடன் மொஸ்கோவுக்கு நடந்தே போய்விடலாமென எண்ணிப் பிரான்சுவரை சென்று திரும்பிய கதை பிரசித்தமானது. 1866இல் உள்ளூர்ப் பத்திரிகையான 'நோர்த் வில்ற்ஸ் ஹெரால்ட்'டில் நிருபரானார். நீதிமன்ற வழக்கு, சந்தை விலை, கமக்காரர் சங்கக் கூட்டம் முதலியவற்றை எழுதிப் பழகிய கை அது. பிற்காலத்தில் அவரைத் தியானி என்றும் ஞானி என்றும் போற்றியவர்கள் இந்நிருபர் வேலையை ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. எமது கணிப்பில் அவரது எழுத்தின் முதுகெலும்பே அதுதான்.

அவர் பெயர் நாடறிய வந்தது 1872 நவம்பரில். இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு வில்ற்ஷயர் கமத்தொழிலாளர் பற்றி அவர் எழுதிய கடிதங்கள் அம்மாதத்தில் வெளியாயின. அவ்வாண்டின் தொடக்கத்திலேதான் யோசப் ஆர்ச் என்னும் கூலியாளின் தலைமையில் வாரிக்ஷயரிற் கமத்தொழிலாளர் இயக்கம் எழுந்து, தேசிய அளவிலான தொழிற்சங்கமாக உருப்பெற்றிருந்தது. மண்ணை உழுது விளைவித்தவர்கள் முதன்முறையாக நாடளாவிய குரலொன்றைப் பெற்ற ஆண்டு அது. அவர்களது கூலி, உணவு, குடிசை ஆகியவற்றின் நிலையை மார்க்ஸ் 1867இல் வெளியான 'மூலதனம்' முதற் பாகத்தில் உத்தியோக அறிக்கைகளைக் கொண்டே அம்பலப்படுத்தியிருந்தார். இத்தகைய வேளையில், இருபத்து நான்கே வயதான ஜெப்ரீஸ் தொழிலாளியின் நிலை சொல்லப்படும் அளவுக்கு மோசமானதன்று, அவனுடைய குறைபாடுகளுக்கு அவனது பண்பற்ற தன்மையும் காரணம் என்னும் பாங்கில் எழுதினார். கமக்காரரின் மகன் கமக்காரரின் கட்சியைப் பேசினான். 'டைம்ஸ்' அதனை மகிழ்வுடன் ஏற்று ஆசிரியத் தலையங்கமும் தீட்டியது.

இக்கடிதங்களை மறைத்துவிட்டு ஜெப்ரீஸைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. இக்கடிதங்களோடு அவரை முடித்துவிடுவதும் நேர்மையாகாது. றேமண்ட் வில்லியம்ஸ் கிராமம், நகரம் ஆகியன பற்றி 1973இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் இக்கடிதங்களையும் பிற்காலக் கட்டுரைகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கியமை குறிப்பிடத்தக்கது. எனினும் அவர் கருத்து மாற்றத்தை எடுத்துக்காட்டிய அளவுக்கு அம்மாற்றத்தின் தொழில்சார் அடித்தளத்தை ஆராயவில்லை என்றே எமக்குத் தோன்றுகின்றது.

அவ்வடித்தளம் யாது? 'டைம்ஸ்' கடிதங்கள் தந்த அறிமுகத்தைக் கொண்டு ஜெப்ரீஸ் இலண்டன் சஞ்சிகைகளில் எழுதத் தொடங்கினார். 1874இல் திருமணம்; அடுத்து மூன்று நாவல்கள். மூன்றும் தோல்வி. பிரபுக்களின் விருந்து மண்டபங்களைப் பற்றிக் கேள்விஞானத்தில் எழுதப்பட்ட அந்நாவல்களை இன்று படிப்பார் இலர், படிக்க வேண்டியதுமில்லை. 1877இல் மனைவி பிள்ளையுடன் இலண்டனின் புறநகரான சேர்பிற்றனுக்குக் குடிபெயர்ந்தார். பத்திரிகைக் காரியாலயங்களுக்கு அண்மையில் இருக்கவேண்டும் என்பதே காரணம். அங்கிருந்துதான் அவர் விட்டுவந்த வில்ற்ஷயர் அவருடைய பேனாவிற் பிறந்தது. 'வேட்டைக்காவலன் தன் இல்லத்தில்' என்னும் தொடர் 'பால் மால் கசற்'றில் வெளியாகி 1878இல் நூலாயிற்று. 'தென்மாநிலமொன்றின் வனவாழ்வு', 'பொழுதுபோக்குக் களவு வேட்டைக்காரன்' ஆகியன 1879இல் வந்தன. கிராமத்தில் இருந்தவரை கிராமத்தை அவரால் விற்கமுடியவில்லை. அதை இழந்த பின்னரே அது விலைபெற்றது.

இங்கு ஊதியத்தின் வடிவம் பற்றிச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். செய்த வேலையின் அளவுக்கேற்பக் கொடுக்கப்படும் கூலி பற்றி மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்தில் தனி அத்தியாயமே எழுதியுள்ளார். முதலாளித்துவ உற்பத்தி முறைக்கு மிக இயைந்த கூலி வடிவம் அதுவேயென்பது அவர் முடிபு. மேற்பார்வையாளன் தேவையில்லை, தொழிலாளி தானே தனக்கு மேற்பார்வையாளனாகின்றான். வேலை நேரத்தை நீட்டுமாறு எவரும் அவனை வற்புறுத்துவதில்லை, தானே நீட்டிக்கொள்கின்றான். சுதந்திரம் பெற்றுவிட்டதாகவும் எண்ணிக்கொள்கின்றான். சுயாதீனப் பத்திரிகையாளனின் நிலை இதுவன்றி வேறென்ன? அவனுக்கு எசமானில்லை, ஆனால் ஒவ்வொரு பத்திராதிபரும் எசமான். நோயுற்றால் கூலி இல்லை. எழுதாத நாள் பட்டினி நாள். மேலும், மில்ற்றன் தன் காவியத்தைப் பட்டுப்புழு நூலை உமிழ்வது போல இயல்பினால் உற்பத்தி செய்தான் என்றும், புத்தக வியாபாரியின் கட்டளைப்படி நூல்களை ஆக்கும் எழுத்துப் பாட்டாளி மூலதனத்தின்கீழ் உழைப்பவன் என்றும் மார்க்ஸ் வேறோரிடத்திற் பிரித்துக் காட்டுகின்றார். ஜெப்ரீஸ் பட்டுப்புழுவாகவும் எழுத்துப் பாட்டாளியாகவும் ஒரே சமயத்தில் வாழ்ந்தார் என்பதே அவரைப் பற்றிய சிக்கல். அவர் எழுதிய பத்திரிகைகள் ஒரே கட்சியைச் சார்ந்தவையுமல்ல. 'ஸ்ராண்டட்' பழைமைவாதக் கட்சியை ஆதரித்தது. 'மன்செஸ்ரர் கார்டியன்' தாராண்மைவாதிகளின் ஏடு. அதே பேனா இரண்டுக்கும் மை சிந்தியது.

(இன்றைய நிலை இதைவிடச் சிறந்ததெனக் கருதுவோர் வார இறுதிப் பத்திரிகைகளின் பயணப் பக்கங்களைச் சற்றுக் கூர்ந்து படிப்பது நன்று. விமானச் சீட்டையும் விடுதி அறையையும் இலவசமாகக் கொடுப்பவர் எவரோ அவர் கண்கொண்டே கடற்கரையும் கோயிலும் காடும் பார்க்கப்படுகின்றன. ஜெப்ரீஸின் காலத்தில் எழுத்தாளனின் காலணியாவது அவனுக்குச் சொந்தமாயிருந்தது.)

எனினும் வேட்டைக்காவலன் பற்றிய நூலை வெறும் சந்தைச் சரக்கெனக் கொள்ளுதல் தவறு. பேர்டறொப் என்னும் பண்ணைநிலத்தின் காவலனை மாதிரியாகக் கொண்ட அந்நூலில் பறவைகளும் விலங்குகளும் மட்டும் வருவதில்லை. பொறிகள், துப்பாக்கிகள், சீழ்க்கை, மருந்துக்கூட்டு, காவலனின் மனைவியின் சமையலறை, அவனது சொந்தச் சிற்றரசியல் ஆகிய யாவும் தொழில்நுணுக்கத்துடன் இடம்பெறுகின்றன. தமிழ் மரபிலே திணையை வகுத்தோர் மரத்தையும் புள்ளையும் மட்டுமன்றி மக்களின் தொழிலையும் உணவையும் பறையையும் கருப்பொருள் எனச் சேர்த்தே எண்ணினர். அவ்வகையான முழுமையை ஜெப்ரீஸிடம் நாம் காண்கின்றோம். ஆனால் அம்முழுமையில் ஓர் இடைவெளி உண்டு. காவலன் காப்பது எவருடைய சொத்தை? பறவைகளைச் சுடும் உரிமை ஏன் ஒருவனுக்கு விளையாட்டும் மற்றொருவனுக்குக் குற்றமுமாகின்றது? முதல் நூல் இவ்வினாவை எழுப்புவதில்லை. காவலனின் பக்கத்தில் நின்று பேசுகின்றது. களவு வேட்டைக்காரன் பற்றிய அடுத்த நூல், அதே காட்டை வேலியின் மறுபுறத்திலிருந்து பார்க்கின்றது. ஒரே வருடத்துள் பார்வையின் இடம் மாறிவிட்டது. புதியதொரு கோணம் வேண்டுமெனச் சந்தை கேட்டதும் இதற்கு ஒரு காரணமாயிருக்கலாம். சந்தையின் கேள்வி சிலவேளை எழுத்தாளனை அவன் எதிர்பாராத உண்மைக்கும் இட்டுச் செல்வதுண்டு.

'ஸ்ராண்டட்' பத்திரிகையில் வந்து 1880இல் நூலான 'ஹொட்ஜும் அவனுடைய எசமானர்களும்' இத்தகைய முரண்பாடுகளின் களஞ்சியம். அது கற்பனைக் கதைகளின் சாயல் கொண்ட சமூக ஆய்வு. அமெரிக்கக் கோதுமை மலிவாக வந்து குவிந்ததாலும், 1879இல் மழை ஓயாது பெய்து பயிர் அழுகியதாலும் ஆங்கிலக் கமத்தொழில் சரிந்துகொண்டிருந்த காலம் அது. குத்தகைக் கமக்காரன் எவ்வாறு முறிகின்றான், வங்கி எவ்வாறு அவனைப் பிடிக்கின்றது, நொத்தாரிசும் மதகுருவும் உள்ளூர்ப் பத்திரிகையும் என்ன பங்கு வகிக்கின்றனர் என்பவற்றை இத்துணை நுட்பமாகக் காட்டிய நூல் அக்காலத்தில் வேறொன்று உண்டோ என்பது ஐயமே. இது நூலிலிருந்து கற்ற பொருளியலன்று. அவருடைய தந்தையாரின் கமமும் இக்காலத்திலேயே கைவிட்டுப்போயிற்று. நிலத்துக்குச் சொந்தக்காரராயிருந்தவர் பாத் நகரிற் பிறர் தோட்டங்களிற் கூலிக்கு வேலை செய்பவரானார். ஆயினும் நூலில் தொழிலாளி பெரும்பாலும் வெளியிலிருந்தே பார்க்கப்படுகின்றான். தொழிற்சங்கக் கிளர்ச்சியாளர் மீது எள்ளல் வீசப்படுகின்றது. ஆனால் நூலின் முடிவுப் பகுதியில், ஆயுள் முழுதும் உழைத்த கிழவனொருவன் தன் குடிசையையும் சிறு தோட்டத்தையும் விட்டு வறியோர் விடுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே இறக்கின்றான். எள்ளல் அங்கே நின்றுவிடுகின்றது.

நூற்பெயரிலுள்ள 'ஹொட்ஜ்' எவனொருவனின் பெயருமன்று. நகரத்து நடுத்தர வர்க்கத்தினர் நாட்டுப்புறக் கூலியாளைப் பொதுவாகச் சுட்டிய ஏளனப் பெயர் அது, முகமற்ற பெயர். இதனை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சேர்பிற்றன் காலத்தில் எழுதிய புறநகர்க் கட்டுரைகளை, 1883இல் 'இலண்டனுக்கு அண்மையிலுள்ள இயற்கை' என்னும் நூலாக அவர் தொகுத்தார். அவற்றுள் ஒரு மீனைப் பற்றிய கட்டுரை உண்டு. தெருவோரப் பாலமொன்றின் கீழே வாழ்ந்த திறவுற் மீனை அவர் பருவம் பருவமாக நின்று பார்த்தார். நாள்தோறும் பாலத்தைக் கடந்து போனவர்கள் எவரும் அதைக் காணவில்லை. பாலம் எது, ஓடை எது என்பதை அவர் கட்டுரையில் வெளியிடவில்லை. வெளியிட்டிருந்தால் மறுநாளே தூண்டிலுடன் ஆட்கள் வந்திருப்பர். எழுத்தாளன் தான் கண்டதை விற்றே வாழவேண்டும். விற்றால் கண்டது அழியும். இயற்கைச் செல்வம் விற்பனைப் பண்டமாகும்போது எழும் இந்நெருக்கடியை ஜெப்ரீஸ் கோட்பாடாக எங்கும் வகுக்கவில்லை. ஓடையின் பெயரைச் சொல்லாது விட்டார், அவ்வளவே. பயண எழுத்தாளர் ஒருவரின் வருகைக்குப் பின் குப்பைமேடாகிவிட்ட கரைகளையும் அருவிகளையும் அறிந்த எமக்கு அம்மௌனத்தின் பொருள் விளங்கும்.

1881 இறுதியில் நோய் அவரைப் பற்றியது. சத்திரசிகிச்சைகள் பல செய்தும் குணமில்லை. பின்னர் கசநோய் வெளிப்பட்டது. அடுத்துவந்த ஆறு ஆண்டுகளும் நோயோடும் வறுமையோடும் கழிந்தன. பிறைற்றன், எல்தம், குறோபரோ, ஈற்றில் கோறிங் எனக் காற்று மாற்றம் தேடி வீடு மாறிக்கொண்டேயிருந்தார். சிவப்பு மான்களைப் பற்றி எழுத எக்ஸ்மூர் மேட்டுநிலத்துக்கும் போய்வந்தார். அந்நூல் 1884இல் வந்தது. கட்டுரை எழுதாவிடின் அடுப்பு எரியாது என்பதால் எழுதுவதை மட்டும் நிறுத்த இயலவில்லை. ஆச்சரியமான உண்மை என்னவெனில், அவருடைய மிகச் சிறந்த எழுத்துகள் இக்காலத்தவை.

அவற்றுள் ஒன்று 1885 சனவரியில் 'மன்செஸ்ரர் கார்டியன்' வெளியிட்ட 'புதிய வாக்காளருள் ஒருவன்' என்னும் கட்டுரை. 1884இன் சீர்திருத்தச் சட்டம் கிராமப்புற ஆண் தொழிலாளர்க்கு வாக்குரிமை வழங்கியிருந்தது. 1885இலேயே யோசப் ஆர்ச் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகவிருந்தார். நகரத்து அரசியல்வாதிகள் புதிய வாக்காளன் எவருக்கு வாக்களிப்பான் என ஊகித்துக்கொண்டிருந்த வேளையில், ஜெப்ரீஸ் அவன் எவ்வாறு வேலை செய்கின்றான் என எழுதினார். அறுவடைத் தொழிலாளி ஒருவனின் நாள் அதில் விரிகின்றது. விடியலில் எழுவது முதல் இருட்டும் வரை குனிந்த முதுகில் ஆகஸ்ட் வெயில் காய்கின்றது. அவனது உணவு எளியது, பானம் மட்டமானது. மாலையில் தவறணையைத் தவிரப் போக்கிடமில்லை. அறுவடைக் காலத்தில் ஏக்கர்க் கணக்கிற் கூலி பேசுவது அன்றைய பொது வழக்கு. எனவே தொழிலாளி தன் உடலைத் தானே விரட்டினான். குடிப்பழக்கம் பற்றி 1872இன் ஜெப்ரீஸ் அறவுரை கூறியிருப்பார். 1885இன் ஜெப்ரீஸ் அக்குடியின் காரணத்தை உடலின் களைப்பிலே தேடுகின்றார். கட்டுரையின் முடிவிலே கோதுமை வயலின் பொன்னிறத்தை அவர் மறுக்கவில்லை. பார்ப்பவனுக்கு அது அழகு. அறுப்பவனுக்கு அவ்வழகினால் ஆவது ஒன்றுமில்லை என்பதை அதே வாக்கிய ஓட்டத்தில் வைக்கின்றார். அழகு பொய் என அவர் கூறவில்லை. அழகு போதாது என்கின்றார். இயற்கை எழுத்தாளன் ஒருவன் தன் சொந்தச் சரக்கின்மீதே போட்ட வினாக்குறி இது.

இக்கட்டுரையின் தொழிலாளிக்கு ஒரு பெயருண்டு: றொஜர். 'ஹொட்ஜ்' என்னும் ஏளனச் சொல் றொஜர் என்னும் பெயரின் பழைய குறுக்க வடிவமே. ஜெப்ரீஸ் இதனை எண்ணித்தான் பெயரிட்டாரோ, தற்செயலோ, நாம் அறுதியிட வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளுள் ஏளனப் பெயர் இயற்பெயராக மீண்டது என்பது எழுத்தில் நிகழ்ந்த மெய்ம்மை.

இம்மாற்றத்தை மனமாற்றம், கருணை முதலான சொற்களால் விளக்குவது வழக்கம். அவை எதனையும் விளக்குவதில்லை. சிறுவுடைமைக் கமக்காரரின் மகனாக அவர் 1872இல் நின்ற தளம் 1885இல் இல்லை. தந்தையின் நிலம் போய்விட்டது. சொந்தமென்று அவரிடம் எஞ்சியது எழுதும் கை ஒன்றே. அக்கையின் உழைப்பும் அறுவடைக்காரனின் உழைப்பும் ஒரே கூலி வடிவத்துக்குள் வந்துவிட்டன. உடல் தளர்ந்தால் இருவருக்கும் ஒரே கதி. இதனால் ஜெப்ரீஸ் பாட்டாளி வர்க்கப் பிரக்ஞை பெற்றுவிட்டார் என நாம் வாதிடவில்லை. வாழ்நிலை ஒத்திருப்பது வேறு, அதனை உணர்ந்து ஒன்றுசேர்வது வேறு. தொழிற்சங்கத்தை அவர் தமது எனக் கருதிய நாளொன்றைக் காட்ட இயலாது. தனித்து எழுதி, தனித்து விற்று, தனித்து நோயுறும் எழுத்தாளனுக்குச் சங்கம் என்பது எட்டாத கருத்தாகவே இருந்தது.

அவ்வெல்லையின் அடையாளங்களை 1883இல் வந்த 'என் இதயத்தின் கதை' என்னும் நூலிற் காணலாம். ஆன்மிகத் தன்வரலாறு எனப் போற்றப்படும் அதனை எம்மாற் பல இடங்களிற் பொறுமையுடன் படிக்க முடியவில்லை. மலையுச்சியிற் படுத்துச் சூரியனை நோக்கி நிகழ்த்தும் நீண்ட வேண்டுதல்கள் சொற்பெருக்காகிவிடுகின்றன. ஆனால் அதே நூலில், இலண்டன் றோயல் எக்ஸ்சேஞ்சின் முன்னால் நின்று, அலைமோதும் சனக்கூட்டத்தை நோக்கும் பகுதி ஒன்றுண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உழைத்தும் மனித குலம் தனக்கு உணவும் ஓய்வும் உறுதிசெய்யவில்லையே என அவர் கேட்கும்போது, சூரியனை நோக்கிய குரல் பங்குச் சந்தையின் வாசலில் நின்று பேசுகின்றது. விடையைத்தான் அவர் வரலாற்றிலன்றித் தனிமனித ஆன்மாவிலே தேடினார். 1885இல் வெளிவந்த 'இலண்டனுக்குப் பின்' என்னும் நாவலிலும் இதே தத்தளிப்புத்தான். நாகரிகம் அழிந்து, மாநகரம் நச்சுச் சதுப்பாகி, காடு திரும்பி வருகின்றது. காடு மீளும் முறையை விவரிக்கும் முதற்பகுதி மிக அருமையானது. மீண்ட காட்டிலோ அடிமை முறையும் பிரபுக்களின் கொடுங்கோன்மையுமே தழைக்கின்றன. அந்நாவலைப் படித்த வில்லியம் மொறிஸ் பெரிதும் கிளர்ச்சியுற்றதைத் தம் கடிதமொன்றிற் குறிப்பிட்டார். ஐந்தாண்டுகளின் பின் அவர் படைத்த 'எங்குமில்லாச் செய்திகள்' பசுமையான எதிர்கால இங்கிலாந்தைக் காட்டும்போது, அங்கே உழைப்பு விடுதலை பெற்றிருக்கின்றது. ஜெப்ரீஸால் அழிவை நினைக்க முடிந்தது. மொறிஸால் அதற்கப்பால் நினைக்க முடிந்தது. இயக்கமொன்றினுள் நின்றவர்க்கும் நில்லாதவர்க்குமுள்ள வேறுபாடு அது.

பண்பாடு பற்றிய அவரது எழுத்துகளுள் 'நாட்டுப்புற இலக்கியம்' என்னும் கட்டுரைத் தொடர் போதிய கவனம் பெறவில்லை. வாய்மொழிப் பாடல்களைத் தேடியலைந்த அறிஞர்கள் பலர் இருந்த காலத்தில், கிராமத்தவர் படிப்பதற்கு ஏன் புத்தகம் கிடைப்பதில்லை என அவர் வினவினார். 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் எழுத்தறிவைப் பரப்பியது. புத்தக வியாபாரமோ நகரத்தைத் தாண்டவில்லை. கிராமத்தானுக்கு எத்தகைய நூலில் நாட்டம், விலை எவ்வளவாயிருத்தல் வேண்டும், எவ்வழியாக அவன் வாசலுக்குக் கொண்டுசெல்லலாம் என்பவற்றையெல்லாம் வியாபாரி ஒருவரின் துல்லியத்துடன் அவர் ஆராய்கின்றார். நிருபரின் கை இங்கு மீண்டும் தெரிகின்றது. கிராமத்தவரைப் பற்றி எழுதி நகரத்தவர்க்கு விற்ற ஒருவர், அக்கிராமத்தவரே தம் வாசகராதல் வேண்டுமென விரும்பினார் என்பதை இத்தொடரின்றி நாம் அறிந்திருக்க மாட்டோம். அவ்விருப்பம் அவர் வாழ்நாளில் நிறைவேறவில்லை.

கடைசிக் காலத்தில் எழுத்தாளர்க்கு உதவும் நிதியமொன்றுக்கு விண்ணப்பிக்குமாறு நண்பர்கள் தூண்டியபோது, பிரபுக்களின் தயவில் வாழும் நிதி எனக் கூறி அவர் மறுத்தார். இறுதியில் இணங்க நேர்ந்தது. பேனா பிடிக்க வலுவில்லாதபோது சொல்லச்சொல்ல மனைவி எழுதினார். 1886இல் வந்த 'வசந்தத்தின் பொழுதுகள்' அவ்வாறு சன்னலினூடே பார்த்து ஆக்கிய கட்டுரை. மலர் பூக்கும் நாளையும் குருவி வரும் நாளையும் ஆண்டுதோறும் குறித்து வைத்தவர் தாம் குறிக்காமலே அவை பூப்பதையும் வருவதையும் காண்கின்றார். இயற்கை மனிதனை அறியாது, அவனுக்காக இரங்காது என்னும் பொருள்முதல்வாத உண்மையை அவர் எய்தியது மலையுச்சித் தியானத்தினாலன்று, நோய்ப் படுக்கையிலே. 1887 ஆகஸ்ட் 14இல், 38ஆவது வயதில், கோறிங்கில் இறந்தார்.

மறு ஆண்டே வால்ற்றர் பெசன்ற் அவரைப் புகழ்ந்து எழுதிய நூலில், சாகுந்தறுவாயில் அவர் கிறித்தவ நம்பிக்கைக்கு மீண்டார் என்னும் கதை இடம்பெற்றது. சோசலிசச் சார்புடைய ஹென்றி சோல்ற் இதனை மறுத்தார். 1894இல் ஜெப்ரீஸின் சமூகச் சிந்தனைக்கு உரிய இடமளித்துத் தனி நூலும் எழுதினார். ஏழை எழுத்தாளனின் பிணத்தைச் சூழ்ந்தும் கருத்துநிலைப் போராட்டம் நிகழும்.

ஜெப்ரீஸ் இறந்த சில வாரங்களின் பின், 1887 ஒக்ரோபரில், 'லோங்மன்ஸ்' சஞ்சிகையில் 'எனது பழைய கிராமம்' வெளியாயிற்று. கோற் கமத்தில் வேலை செய்த கூலியாள் ஒருவனின் மரணச் செய்தியுடன் அக்கட்டுரை தொடங்குகின்றது. அவனுடைய வலிமை, உடை, குடிசை, கூலி ஆகியன முதலில் வருகின்றன. ஓடையும் மரங்களும் அவற்றுக்குப் பின்னரே வருகின்றன. தாம் கண்ட அக்கிராமத்தை வேறெவரும் கண்டதாகத் தெரியவில்லையே, அது உண்மையில் இருந்ததுதானா என்னும் ஐயத்தை இறுதியில் அவர் எழுப்புகின்றார். அக்கட்டுரைக்குரிய கூலி விதவையின் கைக்கே போயிருக்கவேண்டும்.